சேவகர் தலைவன் போட்ட முடிச்சு

அம்பு மூன்றாவது தடவையும் லெனாட்டின் காலடியில்தான் விழுந்தது.

வலது கையில் நாண் தனியாகத் தொங்கியது. இடது கையில் மூங்கில், தான் வில்லாக இருந்த ஞாபகமே இல்லாமல் நேராக நிமிர்ந்து நின்றது. இரண்டையும் சேர்த்து வைத்திருந்த முடிச்சைக் காணவில்லை. பத்தடி தள்ளிக் கம்பத்தில் கட்டப்பட்டு, வானத்தைப் பார்த்தபடி சாகத் தயாராக நின்ற சிமியோன் ஒரு கண்ணை மட்டும் கீழே இறக்கினான்.

“அத்தான், நான் இப்ப சாகிறதோ, இன்னும் கொஞ்சம் நிக்கிறதோ?”

ஒத்திகை பார்க்க வந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒத்திகைக்கு இந்தச் சனத்தை யார் வரச் சொன்னது? வீட்டில் உலை வைக்க ஆளில்லையா? பூசைக்கு மணி அடித்தால் அரைமணி நேரம் பிந்தி வருகிறவர்கள், ஒருத்தன் அவமானப்படப் போகிறான் என்றால் மட்டும் முன்வரிசையில் வந்து குந்திவிடுவார்கள். லெனாட்டுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

குருநகர்ப் பக்கத்தில் கடலுக்குக் கிட்டவாக இருக்கும் சின்னக் கோயில் அது. ஒவ்வொரு தை மாதமும் செபஸ்தியார் திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் அங்கே அரைமணி நேர நாடகம் நடக்கும். வேதத்தைக் கைவிட மறுத்த செபஸ்தியாரைக் கொல்லச் சொல்லி அரசன் கட்டளை போடுவான். சேவகர் தலைவன் முதல் அம்பை விடுவான். அவனுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு சேவகர்கள் அடுத்த அம்புகளை விடுவார்கள். செபஸ்தியார் தலையைச் சாய்ப்பார், மணி அடிக்கும், சனம் அழும். அம்பின் நுனியில் பஞ்சுதான் சுற்றியிருக்கும். ஆனாலும் தலைவனின் அம்பு போய்ப் பட்டால்தான் செபஸ்தியார் சாகலாம். அவர் செத்தால்தான் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

பத்தொன்பது வருடமாகச் சேவகர் தலைவன் லெனாட்தான். சிமியோன் அவருடைய மனைவி லூர்த்தம்மாவின் தம்பி. ஆள் வெள்ளை, ஒல்லி, நெஞ்செலும்பு எண்ணலாம். அதனால் பதினாலு வருடமாக அவன்தான் செபஸ்தியார்.

தலைவனின் பழைய வில்லைக் கறையான் தின்றுவிட்டதால் இந்த வருடம் புதிதாக ஒன்று செய்ய வேண்டி வந்தது. முடிச்சுத்தானே, அது தன்னுடைய வேலை என்று லெனாட் தானாகவே வாங்கிக்கொண்டார். அவர் நங்கூரக் கயிற்றுக்குப் போட்ட முடிச்சைக் கார்த்திகைக் கடலாலும் அவிழ்க்க ஏலாது என்று ஊரில் சொல்வார்கள். அதை முதலில் சொன்னவரும் அவர்தான்.

இப்போது அந்த முடிச்சுத்தான் மூன்று தடவை வழுக்கியிருக்கிறது.

பங்குச் சுவாமி இளந்தாரி. ஒருத்தரையும் நோகடிக்கத் தெரியாதவர். அவர் மெதுவாகக் கிட்ட வந்து, அம்பு இல்லாமல் விடுகிற மாதிரி ஒரு பாவனை செய்தாலும் காணும்தானே என்று கேட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அதுதான் லெனாட்டுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“பாவனையோ? பாதர், எல்லாரும் கேட்டுக்கொள்ளட்டும். திருநாடகத்திலை என்ரை முடிச்சு அவிண்டால் இந்தத் தலைவன்ரை சால்வையை உவன் சிமியோனிட்டைக் குடுத்திட்டு இறங்கிறன். பிறகு செத்தாலும் இந்த மேடைக்கு ஏறமாட்டன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. கம்பத்திலிருந்து சிமியோன் சந்தோசமாக, எல்லாரும் கேட்டீர்கள்தானே என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். அவனுக்கும் பதினாலு வருட வயிற்றெரிச்சல். தை மாதக் காற்றில் மேற்சட்டை இல்லாமல் நிற்க வேண்டும். நுளம்பு கடித்தால் அடிக்க முடியாது, கை இரண்டும் கட்டியிருக்கும். தலைவன் வேடம் என்றால் சால்வை, கவசம், தொப்பி எல்லாம் உண்டு.

லெனாட்டுக்கு அந்த வேடம் சும்மா வேடம் இல்லை. கடலில் அவர் நூறு பேரில் ஒருவர். வீட்டில் லூர்த்தம்மா பேசி முடித்த பிறகு நேரம் மிச்சமிருந்தால் பேசுகிறவர். வருடத்தில் அந்த அரைமணி நேரம் மட்டும், மட்டைக் கவசத்தைப் போட்டுக்கொண்டு அவர் வாயைத் திறந்தால் முழுப் பங்குச் சனமும் மூச்சுக் காட்டாமல் கேட்கும். அதையும் விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. அதை நினைத்தபோது பயம் வந்தது. பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியில் வரும்.

நாடகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

முதலில் குற்றம் யாருடையது என்று பார்க்க வேண்டும். தன்னுடையது இல்லை என்பது தெரிந்த விசயம். ஆகவே மூங்கிலுடையது. அவர் நாணுக்குப் போட்டது தங்கூசி, வலைக்குப் போடுகிற கண்ணாடி நரம்பு. வலையில் நாலு பக்கமும் இழுபடுவதால் அதில் முடிச்சு இறுகும். வழுவழுப்பான மூங்கில் நுனியில் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அது வழுக்கத்தான் செய்யும். இதை லூர்த்தம்மா அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிட்டாள். நுனியில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டால் கயிறு அதில் இருக்கும் என்றும் சொன்னாள்.

அவள் சொல்லியிருக்கக் கூடாது. அவள் சின்னதாக என்று சொன்ன ஒரே காரணத்துக்காக லெனாட் பெரிதாக வெட்டினார். கத்தியில் ஒரு தட்டு. மூங்கில் நுனியிலிருந்து நடுவரைக்கும் பிளந்தது.

“நான் சொன்னது சின்ன வெட்டு,” என்றாள் லூர்த்தம்மா.

“நீ வாயை வைச்சபடியால்தான் பிளந்தது.”

அன்றிரவு மீன்குழம்பு இல்லை, பருப்பு மட்டும். மறுநாளும் பருப்பு.

புது மூங்கிலுக்கு எங்கே போவது? பங்குக்குள் யாரிடமாவது கேட்டால் முதல் வில்லுக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு ஊர் முழுக்கச் சொல்வார்கள். லெனாட் வீட்டைச் சுற்றி வந்தார். கோடிப்புறத்தில் லூர்த்தம்மாவின் கொக்கத்தடி சாய்ந்து நின்றது. முருங்கைக்காய் பிடுங்க அவள் வைத்திருந்த நீளத்தடி, நல்ல முற்றின மூங்கில். அவள் காலைப் பூசை முடிந்து வருவதற்குள் அதில் நாலரை அடியை அவர் அறுத்துவிட்டார்.

அவள் வந்தாள், பார்த்தாள். மிச்சம் இருந்த தடியைத் தூக்கி முருங்கைக்கு எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. அவள் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இனி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சிமியோனுக்கும் தெரியும்.

பருப்பும் நின்றது. லெனாட் கடையில் விற்கிற பாண் ரொட்டியும் சம்பலும் தின்றபடி வில்லைச் செதுக்கினார். ஒவ்வொரு செதுக்குக்கும் மைத்துனனை ஒரு பேச்சுப் பேசினார்.

இந்தத் தடவை தங்கூசி வேண்டாம் என்று நங்கூரத்துக்குப் போடுகிற தடித்த நைலோன் கயிற்றை எடுத்தார். முடிச்சும் நங்கூர முடிச்சுத்தான். அசையவில்லை, வழுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒத்திகைக்குப் போனார். அம்பைத் தொடுத்து இழுத்தார். நைலோன் இழுக்க இழுக்க நீண்டது, அவருடைய கை காதையும் தாண்டிப் போனது. விட்டார். அம்பு இரண்டடி நடந்து, செபஸ்தியாரைக் கும்பிடுவதுபோல் தலைகுப்புற விழுந்தது.

அன்று சிமியோன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சும்மா சிரித்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். சிரிக்கிறவனை என்ன செய்வது?

பின்னால் நின்ற சேவகர்கள் றஞ்சித்தும் லியோனும். இரண்டு பேரும் லெனாட்டின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற பொடியன்கள், நல்ல பிள்ளைகள். தலைவன் கத்தியை உருவினால் நீங்களும் உருவ வேண்டும், தலைவன் ஓடினால் ஓட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்று லெனாட் அவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். றஞ்சித் தயங்கித் தயங்கிப் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான்.

அதில் ஒரு வெள்ளைக்காரன் இழுத்தாலும் நீளாத நூற்கயிற்றை எடுத்தான். ஒரு நுனியில் வளையம் போட்டான். மற்ற நுனியை வில்லின் அடியில் சுற்றி, கயிற்றின் மேலேயே நாலு தரம் முறுக்கிச் செருகினான். வில்லை வளைத்து வளையத்தை மேல்நுனியில் ஏற்றினான். இறுகி நின்றது. அம்பு விட்டான். பிறகு வில்லைக் கொஞ்சம் வளைத்து வளையத்தைக் கழற்றினான். அடிமுடிச்சை ஒரு விரலால் தள்ளினான், அது தானாகவே பிரிந்து போனது.

லெனாட் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவிழுற முடிச்சும் ஒரு முடிச்சோடா? உவனைக் கொண்டுபோய் ஒரு வள்ளத்தைக் கட்டச் சொல்லு பாப்பம். விடிய வள்ளம் நயினாதீவிலை நிக்கும்.”

வேலை முடிந்ததும் வில்லைத் தளர்த்தி வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் மூங்கில் வளைந்தபடியே நின்றுவிடுமாம் என்று வீடியோவில் சொன்னதை றஞ்சித் சொல்லிப் பார்த்தான். வில்லைப் பற்றிக் கதைக்கத் தன்னுடைய வள்ளத்துப் பொடியனுக்கு என்ன தெரியும் என்று லெனாட் திட்டி அனுப்பினார்.

ஆனால் நூற்கயிறு என்ற விசயத்தை மட்டும் அவர் மனதில் வைத்துக்கொண்டார். வெள்ளைக்காரனிடமிருந்து எடுத்ததாக யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பழைய பருத்திக் கயிறு ஒன்றை எடுத்து மெழுகு பூசினார். வில்லை முழங்காலால் வளைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு நுனியிலும் நங்கூர முடிச்சுப் போட்டார். முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கு மேல் தங்கூசியால் இருபது சுற்று, அந்தத் தங்கூசியை லைற்றரால் உருக்கி ஒட்டினார். இனி இதை அவிழ்க்க வேண்டுமென்றால் கோடாலி வேண்டும். இழுத்துத் தட்டிப் பார்த்தார், டங் என்றது. ஐந்து நாளில் முதல் தடவையாக அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார், பாண்தான் என்றாலும்.

அதன் பிறகு அவர் அந்த வில்லை ஒருத்தர் கையிலும் கொடுக்கவில்லை. ஒத்திகைக்கும் கொண்டு போகவில்லை. சிமியோன் எண்ணெய் கிண்ணெய் தடவிவிடுவான் என்ற பயம். வீட்டுக் கூரை வளையில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். வெளியில் போகும்போது கதவைப் பூட்டினார். கேட்டவர்களிடம், இந்த முடிச்சை எந்த மச்சானாலும் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். அது சிமியோனின் காதுக்குப் போனது. தான் முடிச்சை அவிழ்த்ததாகச் சொல்கிறாரா என்று அவன் வாசலில் வந்து நின்று கத்தினான். லெனாட் உள்ளே இருந்து கத்தினார். நடுவில் நின்று லூர்த்தம்மா இரண்டு பேரையும் ஏசினாள். அயலில் எல்லாரும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு இதைக் கேட்டார்கள்.

நாடகத்தன்று மத்தியானம் லெனாட் வில்லை இறக்கினார்.

நாலு நாள் வளைந்தபடியே தொங்கிய மூங்கில் வளைந்தபடியே நின்றுவிட்டது. முடிச்சு அப்படியே இருந்தது, ஒரு மயிரிழையும் நகரவில்லை. கயிறுதான் துணி காயப்போடுகிற கொடிபோல் தொய்ந்து கிடந்தது. தட்டிப் பார்த்தார், சத்தமே இல்லை.

கயிற்றைக் கட்டையாக்க வேண்டும். அதற்கு முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவர் நகத்தால் கிண்டினார், பல்லால் கடித்தார், ஆணியை விட்டு நெம்பினார். லெனாட் போட்ட முடிச்சை லெனாட்டாலும் அவிழ்க்க முடியவில்லை. தன்னையே தூசணத்தால் திட்டியபடி கத்தியை எடுத்து ஒரு நுனியை அறுத்தார். ஆத்திரத்தில் அறுத்த இடம் பிழைத்துப்போய் இப்போது கயிறு ஒரு சாண் காணாது. வேறு பருத்திக் கயிறு வீட்டில் இல்லை. கோயிலில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. கிடைத்த நைலோன் துண்டை அதோடு பொருத்திக் கட்டினார். பொருத்து நடுவில் வந்து நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு நின்றது. மேல்நுனியில், வேறு வழியில்லாமல், வெள்ளைக்காரன் போட்டதுபோல ஒரு வளையம் போட்டு மாட்டினார். அந்த வளையத்தையும் கோபத்தோடுதான் போட்டார், அது கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

கோயில் முற்றம் நிரம்பி வழிந்தது. திருநாள் பிரசங்கத்துக்காக மன்னாரிலிருந்து வந்திருந்த வயதான சுவாமியாரை முன்வரிசையில் நடுக்கதிரையில் இருத்தியிருந்தார்கள். நாடகம் தொடங்கியது. லெனாட் வாயைத் திறந்ததும் முற்றம் அடங்கியது. இதை எப்படி விடுவது? இந்த ஒரு அம்பு மட்டும் போய்விட்டால் காணும் என்று செபஸ்தியாரிடமே மன்றாடிக்கொண்டு, கட்டளைப்படி செபஸ்தியாரைக் கம்பத்தில் கட்டினார். பழக்கதோசத்தில் நங்கூர முடிச்சாகவே போட்டார்.

பத்தடி பின்னால் வந்து அம்பைத் தொடுத்தார். நெல்லிக்காய்ப் பொருத்தில் அம்பின் அடி உட்கார மறுத்தது. கொஞ்சம் மேலே வைத்து இழுத்தார். வில் கிறீச்சிட்டது. வளையம் நுனியை விட்டு ஏறிக் கழன்றது. கயிறு சுழன்று வந்து அவருடைய காதில் சுளீர் என்று அடித்தது. அம்பு காலடியில் விழுந்தது.

எங்கேயோ பின்வரிசையில் ஒருத்தன் மூக்கால் சிரித்தான்.

கம்பத்தில் நின்ற சிமியோன் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“சால்வை எனக்கு அளவாயிருக்குமோ அத்தான்?”

லெனாட்டுக்குக் கண் இருட்டியது. ஒன்பது நாள் பருப்பும் பாணும், கொக்கத்தடியும், வெள்ளைக்காரனும், மூக்கால் சிரித்தவனும், எல்லாம் ஒன்றாக மேலே வந்தது. வில்லாக இருந்த தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் செபஸ்தியாரின் தொடையில் ஓங்கி ஒன்று போட்டார். அந்தச் சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது முழங்காலில் விழுந்தது. மூன்றாவது எங்கே விழுந்தது என்று பார்க்க அவர் நிற்கவில்லை.

றஞ்சித்தும் லியோனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இது ஒத்திகையில் இல்லை. ஆனால் தலைவன் அடிக்கிறார், கேள்வி கேட்கக் கூடாது. அவர்களும் வில்லைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அடித்தார்கள்.

சிமியோன் ஓடப் பார்த்தான், ஏலவில்லை. ஒன்பது நாளில் லெனாட் போட்ட முடிச்சுகளில் அந்த ஒன்றுதான் அதற்குரிய இடத்தில் போட்டது. அவன் ஆண்டவரே, மாதாவே, என்னைக் காப்பாத்துங்கோ என்று கதறினான். பதினாலு வருடத்தில் அவன் அப்படி நடித்ததே இல்லை. முன்வரிசையில் பெண்கள் விம்மி அழுதார்கள். மணி அடிக்கிறவர் பயத்தில் நேரத்துக்கு முதலே மணியை அடித்தார். சிமியோனின் தலை தானாகச் சரிந்தது. திரை விழுந்தது.

திரைக்குப் பின்னால் அவனைக் கத்தியால்தான் அறுத்து எடுத்தார்கள். அவன் தொடையைத் தடவிக்கொண்டு பேசிய பேச்சில் பாதி செபஸ்தியார் வேடத்தில் இருக்கிறவன் பேசக்கூடாதது. லூர்த்தம்மா தம்பியின் முழங்காலுக்கு எண்ணெய் பூசியபடி புருசனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், இனி ஆயுள் முழுக்கப் பாண்தான்.

லெனாட்டுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் முடிந்தது, அதுவும் இப்படி. செபஸ்தியாரின் நாடகத்தில், கோயில் முற்றத்தில், கட்டி வைத்திருந்த மனிசனை அடித்திருக்கிறார். மேடை என்ன, இனிப் பூசைக்குக்கூட எந்த முகத்தோடு வருவது? சால்வையைக் கழற்றிச் சிமியோனின் மடியில் வைத்தார். அவன் அதை எடுத்துக்கொண்டான், நன்றி சொல்லவில்லை.

அப்போது பிரசங்கத்துக்கு வந்த சுவாமியார் மேடைப் படியில் மெல்ல மெல்ல ஏறி வந்தார். பங்குச் சுவாமி வெளிறிப்போய் அவரிடம் ஓடினார். மன்னிக்க வேண்டும், நாடகம் குழம்பிவிட்டது, இனி இப்படி நடக்காது, சம்பந்தப்பட்டவரை இப்போதே விலக்கியாகிவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னார். வயதானவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முதலில் அடித்தது யார் என்று கேட்டார்.

எல்லாருடைய விரலும் லெனாட்டைக் காட்டியது. சிமியோன் இரண்டு கையாலும் காட்டினான்.

சுவாமியார் நேராக வந்து லெனாட்டின் கையை எடுத்துத் தன்னுடைய கைக்குள் வைத்துக்கொண்டார்.

“செபஸ்தியார் அம்பாலை சாகேல்லை மகன், அதிலை பிழைச்சு எழும்பினவரைப் பிறகு தடியாலை அடிச்சுத்தான் சாக்காட்டினவங்கள், நான் பார்த்த இவ்வளவு நாடகத்திலையும் அவரை ஒழுங்காச் சாக்காட்டினது நீங்கள் ஒருத்தர்தான்.”